குடையும் போட்டோவும்

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே, மயிலத்திற்குப் பாதை பிரியும் இடத்தில் இருப்பது கூட்டேரிப்பட்டு. உச்சிவெயிலில் குடை பிடித்துப் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் ஸ்திரீகளை அங்கே எந்நாளும் காணலாம். நெடுஞ்சாலையில் மோட்டாரில் வரும் கனவான்கள் சிலர் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, அப்பெண்மணிகளைப் படம் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விடுகிறார்கள். இவ்வழக்கம் நமக்குச் சம்மதமில்லை.

“சாலை எல்லோருக்கும் பொது, கண்ணில் படுவதை எடுக்கத் தடையென்ன?” என்பார்கள். சட்டம் இதைப் பொதுவாகத் தடுக்கவில்லையென்பது மெய்யே. ஆயினும் 2017ஆம் வருஷம் ஆகஸ்டு 24ந் தேதி, புட்டசாமி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஒன்பதின்மர், அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். பொது இடத்தில் நிற்பதனால் மாத்திரம் ஒருவர் அதை இழந்துவிடுவதில்லை என்றும் அத்தீர்ப்பில் கண்டிருக்கிறது.

1868 முதல் 1875 வரை லண்டனில், இந்திய ஜனங்களைப் பற்றி 400க்கு மேற்பட்ட போட்டோக்களுடன் எட்டுப் பாகங்கள் வெளியாயின. படத்திலிருப்பவர் யார் என்பதைவிட எந்த ஜாதி, எந்தக் கூட்டம் என்பதே அவற்றில் பெரிதாயிற்று. அன்னியர் செய்தபோது அவமானமென்று கண்ட நாம், நம்மவர் செய்கையில் கலையென்று கொண்டாடுவது எவ்விதம் பொருந்தும்?

குடையும் அற்ப வஸ்துவன்று. வெண்கொற்றக்குடை மன்னர்க்கே உரிய சின்னமாயிருந்தது. அரசர் கதை கிடக்கட்டும். 19ஆம் நூற்றாண்டில் தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் முதலிய வகுப்பினர் குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது என்ற கட்டுப்பாடு இருந்தது. அங்கே குடையை விரிப்பதே கலகமாகக் கருதப்பட்டது. இன்று கூலிவேலைக்குப் போகும் ஒரு தாய் எவருடைய உத்தரவும் இன்றித் தன் தலைக்கு நிழல் தேடிக்கொள்கிறாள். அந்நிழலில் நிற்பவளை வேடிக்கைப் பொருளாக்க வேண்டாம்.

படமே கூடாதென்று நாம் சொல்லவரவில்லை. தெருக்களின் படங்கள் இராவிடில் பின்சந்ததியார் நம்மை அறிவதெப்படி? முதுகுப்புறத்திலிருந்தோ மாடியிலிருந்தோ, குடைகள் மட்டும் தெரிய எடுத்தால் யாருக்கும் மனத்தாங்கலில்லை. முகம் வேண்டுமானால்தான் தொல்லை. கறுப்புக் குடையின் கீழ் முகம் இருண்டிருக்கும். பின்னால் வெயிலோ கண்ணைப் பறிக்கும். வெயிலுக்குத் தக்கபடி காமிராவைத் திருத்தினால் முகம் கரியாய்ப் போகும். முகத்துக்குத் தக்கபடி திருத்தினால் சாலை வெளுத்துவிடும். வண்டியிலிருந்தபடியே எடுத்த படங்கள் பெரும்பாலும் பாழாவது இதனால்தான். முகம் தெளிய வேண்டுமென்பவர் இறங்கி அருகே செல்லவேண்டும். அவ்வளவு தூரம் சென்றவர், “அம்மா, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? வேண்டாமென்றால் திரும்பிவிட வேண்டியதே. சரியென்றால் எடுத்ததை அவளிடம் காட்டி, அவள் விரும்பினால் பிரதியொன்று அனுப்பலாம்.

பங்குனி உத்திரத்திற்கு மயிலம் செல்லும் நம் நண்பர்களில் காமிரா வைத்திருப்போர் பலர். கூட்டேரிப்பட்டில் இறங்கும்போதே அவர்கள் இதைத் தொடங்கிவைக்கலாம்.