பேருந்து மணியும் மின்னணுவியல் தேர்வும்

அடுத்த முறை பேருந்தில் போகும்போது, இறங்குவதற்காக அழுத்தும் மணியைக் கொஞ்சம் கவனியுங்கள். பொத்தானை அழுத்துகிறீர்கள், முன்னால் விளக்கு எரிகிறது. விரலை எடுத்த பிறகும் அது அணையவில்லை. பின்னால் நிற்பவர் மறுபடியும் அழுத்துகிறார், எதுவும் மாறவில்லை. நிறுத்தத்தில் கதவு திறந்த பிறகுதான் விளக்கு அணைகிறது.

பாடப்புத்தகத்தில் எஸ்-ஆர் லாட்ச் என்று ஒரு படமும் அதன் கீழே நான்கு வரிசை அட்டவணையும் இருக்குமே, அது இதுதான். மணி எஸ், கதவு ஆர், விளக்கு கியூ. லாட்ச் என்றால் தாழ்ப்பாள். போட்டுவிட்டுக் கையை எடுத்தாலும் போட்டபடியே இருக்கும்.

தேர்வு நெருங்கும்போது பலர் இந்தப் பகுதியை வாய்ப்பாடுபோல மனப்பாடம் செய்கிறார்கள். அது தவறான வழி என்பது என் கருத்து. அண்ட், நாண்ட் போன்ற தர்க்க வாயில்களுக்கு அட்டவணை போதும். உள்ளீடு இப்போது என்ன என்று தெரிந்தால் வெளியீடு தெரிந்துவிடும். தொடர்நிலைத் தர்க்கம் அப்படியல்ல. சற்று முன் என்ன நடந்தது என்பதும் அதற்குத் தெரிய வேண்டும். எஸ் 0, ஆர் 0 என்ற வரிசையைப் பாருங்கள். மனப்பாடம் செய்தவர் அவசரத்தில் ‘இரண்டும் 0, ஆகவே கியூவும் 0’ என்று எழுதிவிடுவார். பேருந்தை நினைப்பவர் அப்படி எழுதமாட்டார். யாரும் மணியை அழுத்தவில்லை, கதவும் மூடியிருக்கிறது; விளக்கு எரிகிறதா இல்லையா? ஏற்கெனவே யாராவது அழுத்தினார்களா என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

ஆகவே அட்டவணையை மூடிவைத்துவிட்டு வரைபடத்தாளை எடுங்கள். உள்ளீட்டு அலைகளை மேலே வரைந்து, அளவுகோலை இடமிருந்து வலமாக நகர்த்தியபடி கியூவை நீங்களே வரையுங்கள். டி ஃபிளிப்-ஃப்ளாப் என்றால் கடிகாரத் துடிப்பு மேலேறும் விளிம்புகளில் மட்டும் கோடு போடுங்கள். வகுப்புப் படம் எடுப்பதுபோலத்தான்: கேமரா சொடுக்கும் கணத்தில் கண் திறந்திருந்தால் போதும், முன்னும் பின்னும் எத்தனை முறை இமைத்தாலும் படத்தில் வராது. இதற்கெல்லாம் ஏது நேரம், ஏ1 வாங்கினால் போதாதா என்பீர்கள். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் ஆகலாம். ஆனால் வினாவில் அலையின் வடிவம் மாறினாலும் நீங்கள் தடுமாறமாட்டீர்கள்.

இதே ஃபிளிப்-ஃப்ளாப்பின் தலைகீழ் வெளியீட்டை டி முனையில் இணைத்தால், கடிகார அதிர்வெண் பாதியாகிறது. கைக்கடிகாரத்தில் உள்ள குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கிப் பாருங்கள். ஏன் அந்த விசித்திரமான எண் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

இனி 555. ஹான்ஸ் கமென்சிண்ட் 1971இல் வடிவமைத்து, சிக்னெடிக்ஸ் நிறுவனம் 1972இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்தச் சிறு சில்லு இன்றும் கடையில் கிடைக்கிறது. அதற்குள்ளும் நம் தாழ்ப்பாள்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒருமுறைத் துடிப்புச் சுற்றில் தூண்டல் அதைப் போடுகிறது. மின்தேக்கி மெல்ல மின்னேறி, வழங்கு மின்னழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் அதைத் திறக்கிறது. நேரம் 1.1 × மின்தடை × மின்தேக்குத்திறன். இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யுங்கள், தடையில்லை. ஆனால் 1.1 எங்கிருந்து வந்தது? மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கினால் வரும் நேரத்தில் மின்தேக்கி சுமார் 63 விழுக்காடு வரை ஏறும். நமக்கு வேண்டியது கிட்டத்தட்ட 67. அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் இன்னும் கொஞ்ச நேரம். 5 வோல்ட்டுக்குப் பதில் 9 வோல்ட் கொடுத்தால் நேரம் மாறுமா என்ற வினாவுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. எல்லை உயர்கிறது, மின்னேறும் வேகமும் அதே விகிதத்தில் உயர்கிறது, நேரம் மாறாது.

100 கிலோ ஓம், 100 மைக்ரோஃபாரட் எடுத்துக்கொண்டால் கணக்குப்படி 11 வினாடி. பிரெட்போர்டில் கட்டி அளந்தால் 12, 13 வினாடிகூட வரலாம். உங்கள் கணக்கில் பிழையில்லை. மின்பகு மின்தேக்கியின் மேல் 100 என்று அச்சிட்டிருந்தாலும் 20 விழுக்காடு கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். விடையைத் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கத்துக்கு எழுதுபவர்கள் ஒருமுறையாவது இதை அளந்து பார்க்க வேண்டும்.

கட்டிப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓர் எண்ணிச் சுற்றைக் கட்டி, சாதாரணப் பொத்தானை இணைத்து ஒரே ஒரு முறை அழுத்துங்கள். 1 வராமல் 3 வரலாம், 4 வரலாம். பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் தொட்டவுடன் நிற்பதில்லை. சில மில்லி வினாடிகள் துள்ளுகின்றன. ஒவ்வொரு துள்ளலையும் சுற்று ஓர் அழுத்தமாக எண்ணிவிடுகிறது. இதைச் சரிசெய்ய ஒரு பழைய வழி, இருவழி நிலைமாற்றியையும் எஸ்-ஆர் லாட்ச்சையும் நடுவில் வைப்பது. முதல் தொடுதலிலேயே தாழ்ப்பாள் விழுந்துவிடும். அதன்பின் வரும் துள்ளல்கள், பேருந்தில் உங்களுக்குப் பின்னால் நின்றவர் மறுபடியும் மணியை அழுத்தினாரே, அதைப் போலத்தான்.