கொடி காத்தவனும் நெசவாளி வீட்டுப் பிள்ளைதான்!

ஆரணிப் பட்டு என்றால் கல்யாண வீட்டில் தனி மவுசு. அந்தப் பட்டு தறியில் இறங்கும் ஊர்களில் ஒன்று, ஆரணியை அடுத்த சேவூர்.

சுதந்திர தினத்தன்று எல்லா ஊரையும் போல சேவூரிலும் கொடி ஏறும்; மிட்டாய் கொடுப்பார்கள். "சுதந்திரப் போருக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு பையன் கேட்டால், வீட்டில் இருக்கும் தறியைக் காட்டினால் போதும்.

வெள்ளைக்காரன் முதலில் வந்தது வியாபாரத்துக்கு. 1639-ல் சென்னையில் கும்பெனி இடம் பிடித்ததே, இந்தப் பக்கத்துத் துணி மலிவாகவும் நயமாகவும் கிடைத்ததால்தான். அந்தப் போட்டியைத் தாங்க முடியாமல் இங்கிலாந்து நெசவாளிகள் கூச்சல் போட்டார்கள். அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவே கூடாது என்று 1721-ல் அந்த நாட்டில் சட்டம் வந்தது!

துணி வாங்க வந்தவன் பிறகு துப்பாக்கியைத் தூக்கினான். ஆற்காட்டு முற்றுகையைச் சமாளித்த ராபர்ட் கிளைவ், 1751-ல் சந்தா சாகிப்பின் மகன் படையையும் பிரெஞ்சுக்காரர்களையும் முறியடித்தது எங்கே? ஆரணியில்தான். சேவூரின் வாசற்படியில்!

அப்புறம் கதை தலைகீழானது. 19-ம் நூற்றாண்டில் மான்செஸ்டர் மில் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. நாடு முழுவதும் எத்தனையோ தறிகள் ஓய்ந்தன.

அதனால்தான் சுதந்திரப் போரில் துணியே ஆயுதம் ஆனது. 1905 ஆகஸ்டு 7-ந் தேதி கல்கத்தா கூட்டத்தில் அந்நியப் பொருள் பகிஷ்காரம் பிறந்தது. 1921 செப்டம்பரில், ஏழைகளுக்கு உடுத்தத் துணி இல்லையே என்று வருந்திய காந்தி, மதுரையில் முழத்துண்டுக்கு மாறினார்.

1932 ஜனவரி 10-ந் தேதி திருப்பூரில் தடையை மீறி ஊர்வலம். போலீசார் தடியடி. மண்டை உடைந்து விழுந்த வாலிபர் ஒருவர் கையில் பிடித்த கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. வயது 27. அவர்தான் கொடி காத்த குமரன். சென்னிமலை நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர்.

வெள்ளைக்காரன் போய்விட்டான். தறிக்காரன் கவலை போனதா?

இன்று போட்டி மான்செஸ்டரில் இல்லை, உள்ளூரிலேயே இருக்கிறது. விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் 'கைத்தறி' என்று சொல்லித் தலையில் கட்டும் வியாபாரம் நடக்கிறது. விசைத்தறித் தொழிலாளிக்கும் வயிறு உண்டு. அவர் நெய்ததை விசைத்தறி என்றே சொல்லி விற்கட்டும். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பொய் சொல்லி விற்பதுதான் மோசடி.

இதைத் தடுக்கச் சட்டமும் இருக்கிறது. சில ரகங்கள் கைத்தறிக்கு மட்டுமே என்று 1985-ல் சட்டம் வந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. "சட்டம் செல்லும்" என்று 1993-ல் தீர்ப்பாயிற்று. இப்போது சேலை உள்பட 11 ரகங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. ஆனால் ஏட்டில் இருக்கும் சட்டம் சோறு போடுமா?

மழை பிடித்தால் குழித்தறியில் தண்ணீர் ஊறும், வேலை நிற்கும். ஒரு பட்டுச் சேலை இறங்கப் பல நாள் ஆகும். நூல் சுற்றுவது முதல் வீடே சேர்ந்து பாடுபட வேண்டும். அதே விலைப்பட்டியலோடு மெஷின் சேலை பக்கத்தில் தொங்கினால், அடிபடுவது இந்தக் குடும்பத்தின் கூலிதான்.

வாங்குகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'சில்க் மார்க்' முத்திரை, பட்டு சுத்தமானது என்று மட்டுமே சொல்லும். எந்தத் தறியில் நெய்தது என்று சொல்லாது. கைத்தறிக்கு 'ஹேண்ட்லூம் மார்க்' என்று தனி முத்திரை இருக்கிறது. அதைக் கேட்டுப் பார்த்து வாங்கலாமே!

1905 பகிஷ்காரத்தின் நினைவாக, 2015 முதல் ஆகஸ்டு 7 தேசிய கைத்தறி தினம். அன்று மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தினால் போதாது. அதிகாரிகள் விசைத்தறிக் கூடங்களில் சோதனை போட வேண்டும். ஜவுளிக்கடையில் என்ன பெயரில் எது விற்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

குமரன் தடியடிக்கு நடுவே கொடியைப் பிடித்தார். கல்யாணச் சேலை எடுக்கப் போகிறவர் கடையில் "இது கைத்தறிதானா?" என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?