கதிரைத் திருப்புவதா, கதிரையைத் திருப்புவதா?

புரோத்தன் கதிர் புற்றுநோய்க் கட்டி வரைக்கும் போய், சக்தியின் பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிட்டு நின்றுவிடும். பின்னாலிருக்கும் நல்ல உறுப்புகள் தப்பும். வளர்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். 1996இல் சுவிட்சர்லாந்தின் போல் ஷெரர் நிறுவனம், மெல்லிய கதிரால் கட்டியைப் புள்ளி புள்ளியாக நிரப்பிச் சிகிச்சை தரத் தொடங்கியது.

ஆனால் கதிர் வரும் திசையை மாற்ற, பல இடங்களில் 100 தொன்னுக்கு மேற்பட்ட இயந்திரம் நோயாளியைச் சுற்றிச் சுழலவேணும். அதற்கு மாடிக்கணக்கில் கட்டடம், அதற்கேற்ற காசு. தென்னாசியாவின் முதல் நிலையம் சென்னையில் வந்ததே 2019இல்தான்.

இப்ப சிலர், கதிர் ஒரே திசையில் வர, நோயாளியைக் கதிரையில் இருத்திச் சுழற்றப் பார்க்கினம். எங்களைக் கேட்டால், இதுதான் அவசரமான ஆராய்ச்சி. கதிர் எவ்வளவு துல்லியம் என்பதோடு, எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்றும் நாங்கள் கேட்கவேண்டாமா?