பெட்டிக்கு வசூல்; பதில் சொல்ல ஆளில்லை

15 கிலோ. உள்நாட்டு விமானத்தில் சாதாரண வகுப்புப் பயணியின் பெட்டிக்கு இன்று பெரும்பாலும் கிடைப்பது இவ்வளவுதான். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் கவுன்டரில் ஐந்நூறு ரூபாயைத் தாண்டிக் கேட்கிறார்கள். டிக்கெட்டோடு சேர்ந்திருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, அதையே பயணியிடம் திரும்ப விற்கிறார்கள். இதற்குக் கட்டணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இது வசூல்.

தனியார் நிறுவனங்கள் முதலில் இறங்கின. 25 கிலோ விட்டுவந்த ஏர் இந்தியா 2023-ல் அதை 20 ஆக்கியது. 2024 மே மாதம் மிகக் குறைந்த கட்டண டிக்கெட்டுகளுக்கு 15 ஆக்கியது. டெல்லி பார்த்துக்கொண்டிருந்தது.

பார்த்துக்கொண்டிருந்தது மட்டுமா? 2016-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஓர் உத்தரவு போட்டது. 15 கிலோவுக்கு மேல் 20 வரை கிலோவுக்கு 100 ரூபாய்தான் வாங்கலாம் என்றது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. கட்டணம் உடனே ஏறியது. நீதிமன்றத்தில் நிற்கும்படியான விதியோடு அரசு திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாறாக, 2021-ல் பெட்டிக்கே இடமில்லாத டிக்கெட்டை விற்க அனுமதி தந்தது. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய விமானச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் பெட்டிக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வரவில்லை.

இதன் அடி எங்கே விழுகிறது என்று அதிகாரிகள் மாமல்லபுரத்துக்கு வந்து பார்க்கட்டும். ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையோரப் பட்டறைகளில் நாள் முழுக்க உளிச் சத்தம். புவிசார் குறியீடு பெற்ற கற்சிற்பம் இது. ஓரடி உயரக் கருங்கல் பிள்ளையார் சாதாரணமாகப் பத்துக் கிலோவைத் தாண்டுவார். இங்கிருந்து டெல்லிக்கோ மும்பைக்கோ விமானம் பிடிக்கிறவர் விலை கேட்பதற்கு முன் எடையைக் கேட்கிறார். இரண்டு கையாலும் தூக்கிப் பார்க்கிறார். கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையில் அடங்கும் மாக்கல் யானையை வாங்கிக்கொண்டு போகிறார். சிற்பியின் பல நாள் உழைப்பு கடை வாசலில் தூசி படிந்து கிடக்கிறது. 2021-22-ல் தொல்லியல் துறைச் சின்னங்களில் வெளிநாட்டவர் அதிகம் வந்த இடம் மாமல்லபுரம் என்று பெருமை பேசினோம். வந்தவர் ஒரு சிலையை எடுத்துப் போக வழியில்லை. அரசின் கைவினைக் கொள்கையைக் கவுன்டர் தராசு தோற்கடிக்கிறது.

பணம் கூடியது. சேவை கூடவில்லை. சென்னை விமான நிலையம் நிற்பது செங்கல்பட்டு மாவட்டத்துத் திரிசூலத்தில். அங்கே இறங்குகிறவர் செயலியில் பதிந்த காரைப் பிடிக்கப் பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் வரை பெட்டியை இழுக்கிறார். முதியவர்கள் பேட்டரி வண்டிக்குக் காத்து நிற்கிறார்கள். விமான நிலைய ஆணையம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். விமானத்தின் எஞ்சினை நிறுத்திய 30 நிமிடத்துக்குள் கடைசிப் பெட்டியும் வந்துசேர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் ஏழு நிறுவனங்களுக்கு அரசு உத்தரவிட வேண்டியிருந்தது. பெட்டிக்குப் பணம் வாங்கியவர்களுக்குப் பெட்டியைக் கொடுக்கவும் உத்தரவு தேவைப்படுகிறது.

2025 டிசம்பரை யாரும் மறந்திருக்க முடியாது. விமானிகளின் ஓய்வு நேர விதிகள் வரப்போவது இண்டிகோவுக்கு வெகு முன்பே தெரியும். தயாராகவில்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. பயணி ஓர் ஊரில், பெட்டி வேறோர் ஊரில். 48 மணி நேரத்துக்குள் பெட்டிகளைச் சேர்க்கும்படி அமைச்சகம் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு 22.20 கோடி ரூபாய் அபராதம் வந்தது. உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் நிறுவனத்துக்கு அது வலிக்கிற தொகை அல்ல.

அந்த டிசம்பர் 6-ஆம் தேதி அரசு டிக்கெட் விலைக்கு வரம்பு கட்டியது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய்; அதிகபட்சம் 18,000. ஆக, வரம்பு கட்ட அரசால் முடியும். ஒரே நாளில் முடியும். பெட்டிக்கு மட்டும் ஏன் முடியவில்லை? விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தால் நிறுவனத்தின் பொறுப்பு 20,000 ரூபாயோடு முடிகிறது. ஏற்றும்போது ஒரு கிலோ கூடினாலும் விடுவதில்லை. தொலைக்கும்போது உள்ளே என்ன இருந்தது என்ற கணக்கே இல்லை. கல்யாணத்துக்கு எடுத்த ஒரு பட்டுப்புடவையின் விலைக்குக்கூட இந்தத் தொகை போதாது.

இலவச எடை 25 கிலோவிலிருந்து 15 ஆனதை எதிர்த்த பொதுநல மனுவில் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அரசு நீதிமன்றத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. 25 கிலோவைத் திரும்பக் கொடுக்க வேண்டும். கூடுதல் எடைக்கு ஒரு கிலோவுக்கான கட்டண உச்சவரம்பை அரசிதழில் அறிவிக்க வேண்டும். 20,000 ரூபாய் வரம்பை உயர்த்த வேண்டும். விமான நிலையம் ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில் இருக்கிறது. மாமல்லபுரம் காஞ்சிபுரம் தொகுதியில். இரு தொகுதி உறுப்பினர்களும் அடுத்த கூட்டத்தொடரில் எழுந்து, இது எந்தத் தேதிக்குள் நடக்கும் என்று அமைச்சரிடம் கேட்க வேண்டும்.