ஒரு வரியில் திருத்தப் போறீங்களா?

"ஒரு வரி போதும் மச்சான், முழுத் தரவுத்தளமும் கிளீன்." இந்த வசனத்தைக் கேட்டாலே இப்ப எனக்குப் பயம்.

நாங்கள் சிலபேர் மலையகத்து முதியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து, தட்டச்சிட்டு, ஒரு தரவுத்தளத்தில் சேர்த்து வருகிறோம். 'மௌனம்', 'கௌரவம்' போன்ற சொற்களைப் பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு அடித்திருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யூனிகோடில் வேறு வேறு, தேடினால் அகப்படாது. திருத்தத்தான் வேணும், அதில் சண்டையில்லை.

நண்பன் ஒரு ரெஜெக்ஸ் எழுதினான்: கொம்புக்குப் பக்கத்தில் ளகரம் வந்தால் இரண்டையும் ஔகாரக் குறியாக மாற்று. 'மௌனம்' சரியாகியது. ஆனால் 'வெளிநாடு', 'தெளிவு', 'வெள்ளவத்தை' எல்லாவற்றிலும் அதே கொம்பும் ளகரமும் இருக்கே! அத்தனையும் உடைந்துபோயின.

நல்லகாலம், பிரதி ஒன்று இருந்தது. மீட்டெடுத்து, 'ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதே' என்று நிபந்தனை சேர்த்தான். கெட்டித்தனம்தான். 'வெளிநாடு' தப்பியது. ஆனால் ஒரு பாட்டி சொன்ன 'வெளங்குதா'வும் 'வெளக்கு'ம் தப்பவில்லை. இதுதான் முதல் பிழையைவிட மோசம். உடைந்த சொல் கண்ணில் குத்தும். இது திரையில் பழையபடியே தெரியும்; தேடினால் மட்டும் வராது.

ரெஜெக்ஸ் குற்றவாளி இல்லை. அது எழுத்து வரிசையைத்தான் பார்க்கும். யார் எப்படிப் பேசினார் என்று அதுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது எங்களுக்கு. நிபந்தனை எழுதும்போது எங்கட மண்டையில் இருந்தது பாடப்புத்தகத் தமிழ் மட்டும்தான். அந்தப் பாட்டியின் தமிழ் கணக்கிலேயே வரவில்லை.

அதனால் சொல்கிறேன்: அப்டேட் போடமுதல் செலக்ட் போடுங்கள். பொருந்தும் சொற்களைப் பட்டியலாக எடுங்கள். ஒரு சொல் ஆயிரம் தரம் வந்தாலும் பட்டியலில் ஒருக்காத்தான் வரும், வாசித்து முடிக்கலாம். மூலம் இருக்கும் நிரலைத் தொடாதீர்கள். திருத்தியதை இன்னொரு நிரலில் வையுங்கள், தேடல் அதில் நடக்கட்டும்.

'நேரமில்லை' என்பீர்கள். ஒரு பின்னேரம் போகும், அவ்வளவுதான். பேசின ஆட்கள் திரும்பி வந்து, "நான் அப்படிச் சொல்லல்ல" என்று திருத்தித் தரப் போவதில்லை.