கவுனரிசியும் ரேஷன் அரிசியும்

செட்டிநாட்டுக் கலியாண வீடுகளில் கவுனரிசிக்கு இன்றும் தனி மரியாதை உண்டு. அக்கருப்பரிசி நகரத்தாருடன் பர்மாவிலிருந்து வந்தது என்பதை உண்போர் பலர் நினைப்பதில்லை. கண்மாய் பெருகினாலன்றி விளைச்சல் காணாத இச்சீமைக்குக் கடல் கடந்து ஈட்டிய பணமே சோறு போட்டது. 1930-ஐ ஒட்டி நெல் விலை சரிந்தபோது, கடன்பட்ட பர்மியக் குடியானவரின் வயல்கள் வட்டிக்கடைகளின் வசமாயின. 1938 வாக்கில், கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறக்குறையக் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. அவ்வுழவர் பட்ட துயரை நாம் பேசுவதே இல்லை, பேசத்தான் வேண்டும்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அரிசிக் கப்பல்கள் நின்றன. மறு ஆண்டு வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர். சென்னை மாகாணத்திலும் பங்கீட்டு முறை வந்தது. பர்மா நிலப் பத்திரங்களை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த வீடுகளுக்கு, அந்நிலத்தின் ஒரு மணி நெல்லும் வந்து சேரவில்லை. பத்திரத்தை உலையில் இடலாகுமோ?

அன்று பிறந்த ரேஷன் அட்டைக்கு, தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி இலவசம். அதைக் கோழிக்கு இறைப்பதாகப் பெருமை பேசுவோர் உண்டு. என் ஏழாம் வகுப்பிலோ, திங்கட்கிழமைகளில்தான் சத்துணவில் மறுசோறு கேட்கும் பிள்ளைகள் அதிகம்.