பயிற்சி யாருக்குத் தேவை?

வங்கித் துறையின் தொடக்கநிலைப் பணிகளுக்கென மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு நடத்தப்படும் பயிற்சித் திட்டங்களை விமர்சிப்பது யாருக்கும் உவப்பான செயலன்று. கட்டணமில்லாப் பயிற்சி, சான்றிதழ், வாய்த்தால் வேலை; இதில் என்ன பிழை காண முடியும் என்றே எவரும் கேட்பர். பயிற்றுநர்களில் பலர் குறைந்த ஊதியத்திற்கு மெய்யான ஈடுபாட்டோடு உழைப்பவர்கள் என்பதும் உண்மை. பிழை அவர்களிடம் இல்லை. அத்திட்டங்கள் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கும் அனுமானத்தில் இருக்கிறது. வங்கி ஆயத்தமாகக் காத்திருக்கிறது, இளைஞர்தான் இன்னும் ஆயத்தமாகவில்லை என்பது அந்த அனுமானம்.

இந்த அனுமானத்துக்குப் பின்னால் ஒரு கணக்குமுறை இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட வரம்பைக் கடந்த நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணை, மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைவாய்ப்புத் திறன் பயிற்சியை அத்தகைய பணிகளுள் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. ஆனால் தன் சொந்த ஊழியர்களின் நலனுக்காகச் செய்யும் செலவை அந்தத் தலைப்பில் காட்ட விதிகள் இடந்தருவதில்லை. விளைவைப் பாருங்கள். ஒரு தனியார் வங்கி, பார்வையற்ற இளைஞருக்குத் திரைவாசிப்பான் கற்பிக்கச் செலவிடும் ரூபாய் சமூகப் பொறுப்பு. அதே இளைஞரைப் பணியில் அமர்த்தி, தன் மென்பொருளைத் திரைவாசிப்பான் படிக்கும்படி திருத்தச் செலவிடும் ரூபாய் வெறும் செலவு. வாசலுக்கு வெளியே நிற்பவருக்குச் செய்வது அறம், உள்ளே வந்துவிட்டவருக்குச் செய்வது சுமை! இப்படி ஒரு கணக்கேடு இருக்கையில், பயிற்சித் திட்டங்கள் பெருகுவதில் வியப்பென்ன?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்தச் சாய்வைச் சரிசெய்யவில்லை. அதன் 34ஆம் பிரிவு அரசு நிறுவனங்களில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்குகிறது. பொதுத்துறை வங்கிகள் அதற்குள் வருகின்றன. தனியார் துறைக்கோ 35ஆம் பிரிவு 5 விழுக்காடு என்ற இலக்கைச் சொல்லி, அதை எட்ட ஊக்கத்தொகை தருவது பற்றிப் பேசுவதோடு நின்றுவிடுகிறது. பணியிடத்தில் தக்க வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று கட்டளையிடும் 20ஆம் பிரிவும் அரசு நிறுவனங்களையே விளித்துப் பேசுகிறது. இதைவிட விந்தையானது 19ஆம் பிரிவின் கதி. மாற்றுத்திறனாளிகளைப் பொதுவான திறன் பயிற்சித் திட்டங்கள் அனைத்திலும் சேர்க்க வேண்டும் என்பதே அதன் முதன்மை நோக்கம். தனிப் பயிற்சி என்று அது பேசுவது வளர்ச்சிசார், அறிவுசார், பல்வகைக் குறைபாடு உடையோருக்கும் ஆட்டிசம் உள்ளோருக்கும்தான். நடைமுறையிலோ, பொது வகுப்பில் மற்றவர்களோடு அமர்ந்து படிக்கக்கூடிய பட்டதாரிகளுக்கே தனி வகுப்பு நடக்கிறது. சட்டம் தனி வகுப்பு கேட்டவர்களைப் பெரும்பாலும் எந்த வகுப்பும் சேர்த்துக்கொள்வதில்லை.

பாடத்திட்டங்களில் தவறாது இடம்பெறும் ‘தகவல் தொடர்புத் திறன்’ என்ற பகுதியைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். நடைமுறையில் அது ஆங்கிலம், அதிலும் பேச்சு ஆங்கிலம். காது கேளாத மாணவருக்கு அது எழுத்து ஆங்கிலமாகிறது. காலம் காட்டும் விகுதி தவறினால், வினைமுற்று முன்பின்னானால், ‘தொடர்புத் திறன் போதாது’ என்று மதிப்பீட்டுத் தாளில் பதிவாகிறது. மொழியியல் படித்த எவருக்கும் இது பொருளற்ற தீர்ப்பு. இந்திய சைகை மொழிக்கு அதற்கே உரிய தொடரியல் உண்டு. அங்கே வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். புருவ உயர்வும் தலையசைவும் உணர்ச்சிக் குறிகளாக மட்டுமின்றி இலக்கணக் கூறுகளாகவும் இயங்கும். அந்த மொழியில் சிந்தித்துப் பேசும் ஒருவர், தன் காதில் ஒருபோதும் விழாத இன்னொரு மொழியை எழுத்து வழியே மட்டும் கற்றிருக்கிறார். அது இரண்டாம் மொழிக் கற்றலின் மிகக் கடினமான வடிவங்களுள் ஒன்று. அவரோடு ஒரு சொல்லும் பரிமாற இயலாத கிளை மேலாளருக்கு மட்டும் ‘தொடர்புத் திறன்’ முழுமையாக இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. இருவருக்கிடையே தொடர்பு அறுந்தால் குறை ஒருவரிடம் மட்டுமே இருக்க முடியுமா?

மேற்சொன்ன 2016ஆம் ஆண்டுச் சட்டமே தகவல் தொடர்பு என்பதற்கு விரிவான வரையறை தருகிறது. மொழிகள், எழுத்துக் காட்சி, பிரெய்ல், தொடுமுறைத் தொடர்பு, சைகைகள், பெரிய எழுத்து அனைத்தும் அதில் அடக்கம். 2015இல் டெல்லியில் அமைக்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியையும் வெளியிட்டுவிட்டது. ஆகவே சொல்வளம் இல்லை என்ற சாக்கும் இனிச் செல்லாது. ஒரு கிளையின் முகப்பில் நாள் முழுவதும் நடப்பது பணம் செலுத்துதல், எடுத்தல், பாஸ்புக் பதிவு, முகவரி மாற்றம், காசோலை விசாரணை. இவற்றுக்குரிய சில பத்து வாக்கியங்களைக் கேட்கும் திறனுள்ள ஊழியர்களுக்குச் சைகை மொழியில் கற்பிப்பது, காது கேளாத ஒருவருக்கு மூன்று மாதத்தில் வங்கி ஆங்கிலம் முழுவதையும் கற்பிப்பதைக் காட்டிலும் எளிது. அந்த எளிய வழியைப் பாடத்திட்டம் வகுப்போர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. (பெயர் மாற்றத்தில் மட்டும் நமக்கு ஊக்கம் குறைவதில்லை. ‘திவ்யாங்’ என்ற சொல் 2015இன் இறுதியில் முன்மொழியப்பட்டது. அடுத்த ஆண்டே மத்திய அரசின் துறையொன்று அப்பெயரைச் சூடிக்கொண்டது. மென்பொருளைத் திருத்தும் வேகம் அதில் பாதியாவது இருந்திருக்கலாம்.)

வங்கி ஆயத்தமாகத்தான் இருக்கிறதா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றமே விடை தந்திருக்கிறது. இணையவழி வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில், உயிருள்ள ஆள்தான் என்று நிறுவக் கண் சிமிட்டச் சொல்வது வழக்கம். அமில வீச்சில் இமைகள் சிதைந்தவரால் அது இயலாது. பார்வையற்றவருக்கோ கேமரா முன் முகத்தைச் சட்டகத்துக்குள் நிறுத்துவதே பெரும்பாடு. இவ்வாறு பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று, எண்ணிமச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறி, 20 நெறிமுறைகளையும் பிறப்பித்தது. வாடிக்கையாளர் சேர்ப்பு முறையை இதே பயிற்சி வகுப்புகளில்தான் ஒரு பாடமாகக் கற்பிக்கிறார்கள். தான் தேர்ச்சி பெற முடியாத சரிபார்ப்பைப் பிறருக்கு நடத்தித் தர ஓர் இளம்பெண் பயிற்சி பெறுகிறாள் என்றால், அங்கே திருத்தப்பட வேண்டியது அவளா, செயலியா?

பயிற்சியே வேண்டாமா என்ற எதிர்வினா எழும். பள்ளி கைவிட்ட கணினிக் கல்வியை, ஊரைவிட்டுத் தனியே வந்து தங்கும் துணிவை, சம்பளம் வாங்கும் வயதுத் தோழமையை இவ்வகுப்புகள் பலருக்குத் தந்திருக்கின்றன. அதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் வரலாறு ஓர் எச்சரிக்கையை வைத்திருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன், பார்வையற்றோருக்கு உகந்த வங்கிப் பணி தொலைபேசி இணைப்பாளர் பணியே என்று முடிவு கட்டப்பட்டது. பலர் பயின்றனர், பணியிலும் சேர்ந்தனர். பிறகு நேரடி இணைப்பு வந்து அந்த மேசைகளை விழுங்கியது. உடலுக்கேற்ற வேலை என்று ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் ஆளைத் தயாரிக்கும் எண்ணம் அன்றோடு ஒழியவில்லை. இன்று தரவுப் பதிவும் தொலைபேசி விற்பனையும் அந்த இடத்தில் இருக்கின்றன. தானியங்கி மென்பொருள் முதலில் விழுங்கப்போவதும் இவற்றைத்தான். ஆகவே பயிற்சி கிளைக்குள்ளே, ஊதியத்தோடு, பொதுப் பயிற்சியாளர்களோடு சேர்ந்து நடக்கட்டும். எந்தப் படிவம் படிக்க முடியவில்லை, எந்தத் திரை ஊமையாக நிற்கிறது என்று பயிற்சி பெறுபவர் சொல்லும் குறிப்பு, வங்கியின் தொழில்நுட்பப் பிரிவு தீர்த்தாக வேண்டிய பட்டியலாகட்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் செய்யத்தக்க வேலை ஒன்று காத்திருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல், செபி வகுத்த பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாக வெளியிடுகின்றன. அதில் மாற்றுத்திறனாளி ஊழியர்களின் எண்ணிக்கையைத் தனியே தர வேண்டும். அதே வங்கி தன் சமூகப் பொறுப்புப் பக்கங்களில் எத்தனை மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி அளித்ததாகச் சொல்கிறது என்பதையும் எடுத்து, இரண்டு எண்களையும் ஆண்டுவாரியாக அருகருகே எழுதிப் பார்க்கலாம். ஆனால் பணியில் சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் விலகினர் என்பது கிடைக்காது. அந்த அறிக்கை விலகல் விகிதத்தை ஆண், பெண் என்று மட்டுமே பிரித்துக் கேட்கிறது.